மூக்குத் துரையும் அஞ்சு அடுப்பும்

என் புருசன் மூணு வருசத்துக்கு அப்பறம் சைகோன்ல இருந்து திரும்பி வந்த அன்னைக்கு, என்னென்ன சாமான் வருதுன்னு பாக்க நாங்க பொம்பளைக எல்லாம் கதவு இடுக்குல நின்னுக்கிட்டு இருந்தோம். பட்டு வந்துச்சு. பீங்கான் வந்துச்சு. சுவர்க் கடிகாரம் ஒண்ணு வந்துச்சு, வந்த நாள்ல இருந்து அது தப்பு மணிதான் அடிச்சுச்சு. எல்லாத்துக்கும் கடைசியா மோட்டார்ல இருந்து ஒரு பிரெஞ்சுத் துரை இறங்கினாரு. அந்தச் சாமானை இந்த வீட்டுல யாரும் கேக்கலை.

எங்க ஆம்பளைக கடல் தாண்டிப் போயி வட்டிக்கடையில உக்காந்துட்டு வாரதைக் கொண்டுவிக்கப் போறதுன்னு சொல்லுவோம். போனா மூணு வருசம். வந்தா சில மாசம். பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டுப் போற பேச்சே கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவுக வீட்டுல இருந்த நாளை எல்லாம் சேத்துக் கட்டினாலும், ஒரு பசு சினையாகிக் கன்னு போடுற காலம்கூட வராது. அதுலயும் பகல்ல மாமியா முன்னால புருசன்கிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசிற முடியாது. "என்னடி, தலை போற சேதியா?"ன்னு கேப்பாக. ஆக எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அவுக இங்க இருக்குற அந்தக் கொஞ்ச நாளு எனக்கு வேணும். ஆவணி வரைக்கும் இருப்பாகன்னு நானா ஒரு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். கடை விசயம் பொம்பளைகளுக்கு யாரும் சொல்றதும் இல்லை, நாங்க கேக்குறதும் இல்லை. அந்த நாளையும் பங்கு போட ஒரு துரை வந்து இறங்குனா எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

துரை உள்ள வந்ததும் யாரையும் பாக்கலை. யாருக்கும் கும்பிடு போடலை. நேரா முகப்புச் சுவருகிட்டப் போனாரு. எங்க வீட்டுச் சுவரு சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் அரைச்சுப் பூசினது. கை வச்சா வழுக்கும். அந்தச் சுவத்துல மூக்கைப் பதிச்சு, கண்ணை மூடி, ரெண்டு கையையும் விரிச்சு ஒட்டிக்கிட்டு நின்னாரு. இழுத்து இழுத்து மூச்சு விடுறாரு. அப்படியே மூக்கை எடுக்காம சுவரோரமா நகந்து தூண் வரைக்கும் போனாரு. என் மாமியா அதைப் பாத்துட்டு, "பாவம், அந்த ஊருல இவருக்குப் பொண்டாட்டி இல்லையாக்கும்"னாக. அன்னைக்கே வேலைக்காரியக் கூப்பிட்டு அந்தச் சுவரைக் கழுவச் சொல்லிட்டாக.

கழுவுனதுதான் வினையாப் போச்சு. ஈரச் சுவரோட வாசனை வந்ததும் துரை கண்ணுல தண்ணி தளும்பிருச்சு. என் புருசன் கையப் பிடிச்சுக்கிட்டுத் தன் பாசையில என்னமோ கொட்டுறாரு. இந்த வாசனையத்தான் இத்தனை வருசமாத் தேடிக்கிட்டு இருந்தாராம். இதை ஒரு புட்டிக்குள்ள அடைக்கிற வரைக்கும் இந்த வீட்டை விட்டு நகரமாட்டாராம். என் மாமியா, "சுவரு வாசனைக்கு எதுக்குப் புட்டி? வேணும்னா ஒரு செங்கலைப் பேத்துக் குடுத்து அனுப்பு"ன்னாக. என் புருசன் அதை மொழிபெயர்க்கலை.

அந்த மனுசனோட கதைய அவுக எனக்கு விட்டு விட்டுத்தான் சொன்னாக. பிரான்சு தேசத்துத் தெக்குப் பக்கம் மலையடிவாரத்துல ஒரு பூ ஊரு. அங்க மல்லிகை பறிக்கிற குடும்பம். சின்ன வயசுல பூவைக் காய்ச்சி அத்தர் எடுக்குற பட்டறையில செப்பு அண்டா கழுவப் போயிருக்காரு. அண்டாவைக் கழுவச் சொன்னா, அடியில ஒட்டியிருக்குற மிச்ச வாசனைய மோந்துக்கிட்டே உள்ள உக்காந்திருப்பாராம். உதைக்குப் பயந்து ஓடாம, உதை வாங்கிக்கிட்டே மோந்து பாத்துத்தான் தொழில் பிடிபட்டுச்சாம். அப்பறம் பாரிசுக்குப் போயி ஒரு பெரிய கடையில சேந்து, அவர் கட்டின ஒரு சென்ட்டு ஊரெல்லாம் வித்துருக்கு. அடுத்ததாக் கட்டினதுலதான் சறுக்கல். பூ வாசனையோட கொஞ்சம் குதிரை வாசனையும் இருந்தா நல்லா இருக்கும்னு தோணியிருக்கு. அதைப் பூசிக்கிட்டு வெளியே போன ஒரு சீமாட்டியத் தெருநாய் எல்லாம் வரிசையாப் பின்னால தொடந்து போயிருக்கு. கடைக்காரன் துரையத் துரத்திட்டான். பிழைப்புக்கு ஒரு எண்ணெய்க் கம்பெனி வேலையா சைகோனுக்குக் கப்பல் ஏறியிருக்காரு. அங்க ஒருநாள் நம்ம கடைப் பக்கமாப் போறப்ப, உள்ள ரசத்துக்குத் தாளிக்கிற வாசனை வந்து கால் நின்னுருச்சாம். கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்து, கணக்குப்பிள்ளை மேசையத் தாண்டி, நேரா அடுப்படிக்குப் போனவருதான். அன்னையில இருந்து அவுகளுக்குச் சேக்காளி.

பாரிசுக் கடைக்காரன் இப்ப மனசு இறங்கி, ஒரு நல்ல சென்ட்டாக் கட்டிக் கொண்டுவா, பழைய இடத்தைத் தாரேன்னு சொல்லியிருந்தானாம். அதுதான் துரைக்கு இருந்த நெருக்கடி. எனக்கு என்னோட நெருக்கடிதான் பெருசாத் தெரிஞ்சுச்சு.

அவருக்கு மெத்தையில, அதாவது மாடியில, தெருப் பாத்த அறையைக் குடுத்தோம். பெட்டியத் திறந்து, கொலுப்படி கட்டுற மாதிரி பலகைய அடுக்கி, படிக்குப் படி சின்னச் சின்னப் புட்டியா வச்சாரு. எங்க வீட்டுப் பிள்ளைக பொம்மை எப்ப வரும்னு ரெண்டு நாளு காத்துக் கிடந்துச்சுக. காலையில குளிச்சு, வெறும் கஞ்சியக் குடிச்சுட்டு உக்காருவாரு. உப்பு, காரம், வெங்காயம் எதுவும் நாக்குல படக்கூடாது. காகிதத்தை ஈர்க்கு மாதிரி நறுக்கி, புட்டியில முக்கி, மோந்து பாத்துக் கட்டித் தொங்கவிடுவாரு. நடு நடுவுல மூக்குக் களைச்சுப் போனா, சட்டைக் கைய மடக்கி முழங்கையில மூக்கை வச்சு மோந்துக்குவாரு. தன் வாசனைய மோந்தா மூக்குத் தெளிஞ்சுருமாம். பிள்ளைக அதைப் பாத்துட்டு வந்து, சோத்துக்கு முன்னால எல்லாம் முழங்கைய மோந்துச்சுக. மூக்குத் துரைன்னு பேரு வச்சதும் அதுகதான்.

அவரு வேலை செய்யுற விதம் எனக்கு மொதல்ல பைத்தியக்காரத்தனமாத் தெரிஞ்சுச்சு. வாசனைன்னா பூவை வச்சு மேல மேலக் கொட்ட வேண்டியதுதானேன்னு நினைச்சேன். அவரு கொட்டுறதை விட எடுக்குறதுதான் அதிகம். ஒரு கூட்டுக் கட்டுவாரு, அதுல இருந்து ஒண்ணை எடுத்துட்டு மறுபடி கட்டுவாரு, அப்பறம் இன்னொண்ணை எடுப்பாரு. எது போனா வாசனை செத்துப் போகுதோ அதுதான் உசுரு, மத்ததெல்லாம் கூட்டம்னு சொல்லுவாராம். இன்னொண்ணும் சொல்லுவாராம்: நல்ல வாசனையா மட்டும் சேத்தா அது பிணத்து மாலை, உள்ளே எங்கயாச்சும் ஒரு கெட்ட வாசனை கொஞ்சூண்டு ஒளிஞ்சு கிடக்கணும். பாயசத்துல ஒரு கல் உப்புப் போடுற மாதிரின்னு அவுக எனக்கு விளக்கினாக. அந்தக் கெட்ட வாசனை எதுன்னுதான் துரைக்குப் பிடிபடலை.

அதைத் தேடி அவரு மோந்து பாக்காத சாமான் இந்தக் காரைக்குடியில கிடையாது. பனையோலைக் கொட்டானைக் கவுத்துத் தலையில மாட்டிக்கிட்டு மோந்தாரு. இரும்புப் பெட்டியத் திறக்கச் சொல்லி உள்ள தலைய விட்டாரு. என் மாமியாளோட வெத்தலைப் பெட்டிய மோந்துட்டுத் தும்மி, பாக்கெல்லாம் வளவுல, அதான் நடு முத்தத்துல, சிதறிப் போச்சு. கோயில் மாட்டுக் கழுத்தைக் கட்டிப் பிடிச்சாரு. மாடு பொறுத்துக்கிச்சு. ஆளுகளையும் விடமாட்டாரு. என் மூத்த கொழுந்தனாரு ஒருநாள் திருப்பத்தூருச் சந்தைக்குப் போயிட்டு வந்தேன்னு வீட்டுல சொன்னாக. துரை பக்கத்துல போயி ஒரு இழுப்பு இழுத்துட்டு என்னமோ சொன்னாரு. எங்க வீட்டுக்காரவுக அதை மொழிபெயர்க்காம இருமினாக. கொழுந்தனாரு அப்பறம் துரை இருக்குற பக்கமே வாரதில்லை.

இதுக்கெல்லாம் கூடவே நிக்கிறது யாரு? எங்க வீட்டுக்காரவுகதான். காலையில மெத்தைக்கு ஏறுனா விளக்கு வைக்கிறப்பத்தான் இறங்குவாக. துரை முக்கித் தர்ற காகிதத்தை மோந்து பாத்துச் சரியா இல்லையான்னு சொல்றது அவுக வேலை. பிறந்து வளந்த வீட்டு வாசனை அவுகளுக்குத்தான் தெரியும்னு துரை நம்புனாரு. சாயங்காலம் அவுக இறங்கி வரையில என் மாமியா தினமும் கேப்பாக, "வந்துருச்சாப்பா?" அவுக தலைய ஆட்டி, "இன்னும் வரல ஆத்தா"ன்னு சொல்லுவாக. தை போச்சு, மாசி போச்சு. வீட்டுல அது ஒரு வாய்ப்பாடா ஆகிப் போச்சு. பால்காரன் வந்தானான்னு கேட்டாலும் பிள்ளைக மூக்கை உறிஞ்சுக்கிட்டு "இன்னும் வரல"ன்னுதான் சொல்லும். துரைக்கும் தமிழ்ல மொதல்ல படிஞ்சது அந்த ரெண்டு வார்த்தையும் மாமியா கேக்குற கேள்வியும்தான். காகிதத்தை நீட்டி, புருவத்தைத் தூக்கி, "வந்துருச்சா?"ம்பாரு. அவுக தலைய ஆட்டுறதுக்குள்ள அவரே "இன்னும் வரல"ன்னு முடிச்சுருவாரு.

இதுல ஈரச் சுவரு வேற. மழை பெஞ்ச வளவு வாசனை வேணும்னு தினமும் குடங்குடமாத் தண்ணி ஊத்தச் சொல்லுவாரு. பங்குனி வெயில்ல கிணறு தரை தட்டிக்கிட்டு இருக்கு. வேலைக்காரி குடத்தைக் கவுக்குறப்பல்லாம் என் மாமியா மூஞ்சியப் பாக்கணுமே.

பெரிய சண்டை வந்தது அடுப்புலதான். எங்க வழக்கத்துல கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. ஒரே வீடு, ஒரே வாசல், ஆனா புள்ளிக்குப் புள்ளி தனி அடுப்பு, தனிச் சமையல். என் மாமியாளுக்கு ஒண்ணு, நாலு மருமக்கமாருக்கு நாலு, ஆக இரண்டாங்கட்டுல அஞ்சு அடுப்பு. ஒருத்தி விடியக் கருக்கல்ல தாளிப்பா. ஒருத்தி பத்து மணிக்கு வடகம் வறுப்பா. என் மூத்த ஓர்ப்படியா உச்சி வெயில்ல கருவாட்டுக் குழம்பைக் கொதிக்க விடுவாக. நல்லெண்ணெயில பெருங்காயம் பொரியுற வாசனை புறப்பட்டா நேரா மெத்தைக்குத்தான் ஏறும். துரை மூக்கைப் பொத்திக்கிட்டு அலறுவாரு. அன்னைக்கு வேலை அம்புட்டுத்தான். எங்க வீட்டுக்காரவுக இறங்கி வந்து பெருங்காயத்தை நிறுத்தச் சொன்னாக. மூத்தவுக, "ரெண்டாமவ நிறுத்தட்டும், நான் நிறுத்துறேன்"னாக. ரெண்டாமவுக, "ஏன், நான் என்ன இளப்பமா?"ன்னாக. அதுல இருந்து ரெண்டு பேரும் ஒரு கட்டிப் பெருங்காயம் போடுற இடத்துல ரெண்டு கட்டி போட்டாக.

சித்திரையும் கழிஞ்சுச்சு. எனக்குப் பொறுக்கலை. ஆவணி வந்தா அவுக கப்பல் ஏறிருவாக. மிச்சம் இருக்குறது கொஞ்ச நாளு. அதையும் இந்த மூக்குக்கா தாரை வாக்குறது? இந்தச் சென்ட்டு முடிஞ்சாத்தான் துரை போவாரு. துரை போனாத்தான் என் புருசன் மெத்தைய விட்டு இறங்குவாக. ஒரு பகல், ஒரே ஒரு பகல் அஞ்சு அடுப்பும் மூட்டாம இருந்தா அந்த மனுசன் மூக்குத் தெளிஞ்சு வேலைய முடிச்சுருவாருன்னு எனக்கு ஒரு யோசனை வந்துச்சு.

ஒவ்வொருத்தரா மடக்கினேன். மூத்தவுகளுக்கு என் பங்குச் சைகோன் பட்டுல ஒண்ணைக் குடுத்தேன். ரெண்டாமவுகளுக்கு மூத்தவுகளுக்குக் குடுத்ததை விட ஒரு விரக்கடை பெரிய கரை போட்ட பட்டைக் குடுத்தேன். கடைசி ஓர்ப்படியாளுக்கு ஒண்ணும் குடுக்க வேண்டியிருக்கலை. சமைக்க வேண்டாம்னு சொன்னதும், "நாளைக்கேவா?"ன்னா. மாமியாகிட்டத்தான் நாக்கு உலந்து போச்சு. அடுப்பு மூட்டாம இருக்குறது எந்த வீட்டுலன்னு தெரியுமாடின்னு கேட்டாக. எழவு விழுந்த வீட்டுலதான் அடுப்பு மூட்டமாட்டோம்னு எனக்குத் தெரியாதா? அதைச் செஞ்சா துரை ஊருக்குப் போயிருவாரு அயித்தைன்னேன். மாமியா ஒரு நொடிகூட யோசிக்கலை. "ரெண்டு நாளைக்குன்னாலும் அணைச்சு வையி"ன்னாக.

என் புருசன்கிட்டச் சொன்னப்பச் சந்தோசப்படுவாகன்னு மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தேன். "எதுக்கு இம்புட்டு அவசரம்?"னு கேட்டாக. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம். அன்னைக்குப் பூரா நான் அவுககிட்டப் பேசலை.

குறிச்ச நாளு வந்துச்சு. சத்தம் இருக்கக்கூடாதுன்னு பிள்ளைகளை எல்லாம் வண்டியில ஏத்திப் பிள்ளையார்பட்டிக்கு அனுப்பிச்சேன். காத்து உள்ள வரக்கூடாதுன்னு வாசல் கதவை ஒருக்களிச்சுச் சாத்தி வச்சேன். வாசல்ல தண்ணி தெளிச்சா மண்ணு வாசனை வருமேன்னு கோலத்தையும் நிறுத்துனேன். ஆம்பளைக காப்பி இல்லாம முகப்புல வரிசையா உக்காந்து தரையப் பாத்துக்கிட்டு இருந்தாக. என் மாமியா, மாமனாரு போனதுல இருந்து வெள்ளைச் சேலைதான் கட்டுவாக. காப்பி இல்லாத தலைவலியில, வளவு ஓரம் குளுந்த தரையில மல்லாக்கப் படுத்து, ஈ மொய்க்கக்கூடாதுன்னு சேலைய மூஞ்சி வரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டாக. நான் எல்லாத்தையும் ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு, எம்புட்டு நேத்தியா இருக்குன்னு எனக்கு நானே மெச்சிக்கிட்டேன்.

இப்ப நீங்களே சொல்லுங்க. கோலம் இல்லை. அஞ்சு அடுப்புலயும் புகை இல்லை. ஆம்பளைக முகப்புல வாய் பேசாம உக்காந்திருக்காக. கதவு இடுக்குல எட்டிப் பாத்தா உள்ள ஒரு வெள்ளைச் சேலை நீட்டிக் கிடக்கு. தெருவுல போறவுக என்ன நினைப்பாக?

மொதல்ல வந்தது அடுத்த வீட்டு ஆச்சி. எங்களுக்குப் பங்காளி வீடு. அவுகளுக்கும் என் மாமியாளுக்கும் பல வருசமாப் பேச்சு இல்லை. ஒரு பலாப்பழத்தைப் பங்கு வச்சதுல வந்த சண்டை அது. பழத்துல யாரு கூடுதலாச் சுளை எடுத்ததுன்னு இன்னும் தீரலை. அந்த ஆச்சி வாசல்ல நுழையுறப்பவே முடிய அவுத்து விட்டுட்டு, மாருல அடிச்சுக்கிட்டு ஓடி வந்து என் மாமியா கால்மாட்டுல விழுந்தாக. பின்னாலேயே தெருப் பொம்பளைக பத்துப் பேரு. நான் இரண்டாங்கட்டுல இருந்து ஓடி வாரதுக்குள்ள ஒப்பாரி கிளம்பிருச்சு.

"நாலு மகனைப் பெத்தவளே, நாலு மருமகளையும் நறுக்குன்னு வச்சவளே"ன்னு அந்த ஆச்சி இழுக்குறாக. நல்ல குரலு. நான் வாயத் திறக்கப் போறேன், என் மாமியா சேலைக்கு அடியில இருந்து கைய லேசா அசைச்சு என்னைய நிக்கச் சொல்றாக. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. மாமியா கேட்டுக்கிட்டுப் படுத்திருக்காக. அவுக கை ராசி, அவுக கட்டின மொய், அவுக ஊறுகாய் எல்லாத்தையும் அந்த ஆச்சி ஒண்ணு விடாமப் பாடுனாக. உசுரோட இருக்கையில அந்த ஊறுகாயக் கழனித் தண்ணின்னு சொன்னவுகதான் இவுக. கடைசியா நெஞ்சு வெடிச்சுப் போயி, "பலாச்சுளை எடுத்தது நான்தானே, பழியெல்லாம் உன் மேல போட்டேனே"ன்னு அழுதாக.

என் மாமியா விசுக்குன்னு எந்திரிச்சு உக்காந்தாக. சேலைய மூஞ்சியில இருந்து விலக்கி, "அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லு"ன்னாக.

அந்த ஆச்சிக்கு மயக்கம் வந்துருச்சு. பாதிப் பேரு தெருவுக்கு ஓடிட்டாக. மிச்சம் பேரு தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாக. தண்ணி தெளிச்சு எழுப்பினதும், என் மாமியாவும் அவுகளும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாக. அப்பறம் ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதாக. இந்தத் தடவை அழுகை நெசம். நான் தூணுக்குப் பின்னால உக்காந்து, முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு வயிறு நோகச் சிரிச்சேன்.

அதோட முடிஞ்சுதா? எழவு வீட்டுல அடுப்பு எரியாது, பிள்ளைக பட்டினி கிடக்குமேன்னு உறவு முறையில எல்லா வீட்டுல இருந்தும் சோறு வர ஆரம்பிச்சுச்சு. மாமியா எந்திரிச்சு உக்காந்த சேதி போறதுக்குள்ள சாம்பாருத் தூக்கு புறப்பட்டுருச்சு. எங்க அஞ்சு அடுப்பை அணைச்சேன், தெருவுல இருந்த அடுப்பெல்லாம் உள்ள வந்துருச்சு. சாம்பாரு, ரசம், வத்தக்குழம்பு, அத்தனை வீட்டுப் பெருங்காயமும் வளவுல வந்து இறங்குது. சரி, நம்ம பொழப்பு நாறிப் போச்சுன்னு தலையில கைய வச்சேன்.

அழுகைச் சத்தம் கேட்டு மெத்தையில இருந்து துரை பாதிப் படி இறங்கி வந்து நின்னாரு. பின்னால எங்க வீட்டுக்காரவுக. வளவுல ஆச்சிய எழுப்பத் தெளிச்ச தண்ணி சுவரு வரைக்கும் ஓடிக் கிடக்கு. சாமி மாடத்துல மல்லிகைச் சரம் இருக்கு. நடுவுல சோத்துத் தூக்கு வரிசை. துரை மூக்கு ஒரு தடவை விடைச்சுச்சு. மிச்சப் படிய ஒரே தாவாத் தாவி, ஒரு ரசத் தூக்கைத் திறந்து மூக்கை உள்ள விட்டாரு. ஆவி பட்டு மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு, எடுக்கலை. அப்பறம் வாயில வந்த பாசையெல்லாம் கத்திக்கிட்டு, அடுப்படிக்கு ஓடி, மாமியா அடுப்போரம் இருந்த கட்டிப் பெருங்காயத்தைத் தூக்கிக்கிட்டு மெத்தைக்கு ஏறிட்டாரு. நாலு மாசமா எதை நிறுத்துங்கன்னு எங்க உசுரை வாங்கினாரோ, அதுதான் அவரு தேடுன கெட்ட வாசனை.

கட்டின வாசனை ஒரு ராத்திரி உறங்கி எந்திரிக்கணும், அப்பறம்தான் சொல்ல முடியும்பாரு. மறுநாள் காலையில நான் யாரையும் கேக்காம மெத்தைக்கு ஏறினேன். என் மாமியா பாத்தாக, ஒண்ணும் சொல்லலை. பலாச்சுளைச் சந்தோசத்துல அன்னைக்கு அவுக யாரையும் ஒண்ணும் சொல்லலை. துரை என்னையப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு காகிதத்தை நீட்டினாரு. "வந்துருச்சா?"ன்னாரு.

மோந்து பாத்தேன். மொதல்ல ஒண்ணும் தெரியலை. அப்பறம் குளுந்த சுவரு வந்துச்சு. சுவத்துக்குப் பின்னால எங்கயோ மல்லிகை. அதுக்கும் பின்னால, ரொம்ப தூரத்துல, யாரோ வீட்டுல யாருக்கோ காத்திருந்து சமைக்கிற மாதிரி ஒரு இழை. பொய் சொல்லலை, நெசமாவே அப்படி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரவுக பின்னால நின்னு வாயத் திறந்தாக. அவுக இன்னும் வரலைன்னு சொல்லிருவாகளோன்னு பயந்து, நான் முந்திக்கிட்டு, "வந்துருச்சு"ன்னு கத்தினேன். துரை குழந்தை மாதிரிக் குதிச்சாரு. அவுக திறந்த வாய மூடிக்கிட்டாக. அவுக முகம் ஒரு மாதிரியாப் போச்சு. பசி போலன்னு நினைச்சேன்.

துரை அன்னைக்கே சைகோன் கடை முதலாளிக்குத் தந்தி அடிக்கச் சொன்னாரு. முதலாளிக்கு எதுக்குத் தந்தின்னு எனக்குப் புரியலை. நான் பாட்டுக்கு அடுப்பு மூட்டி, மாமியா புள்ளிக்கும் சேத்துப் போதும்போல பால் பணியாரம் சுட்டேன். இனிமே ஆவணி வரைக்கும் என் ராச்சியம்னு இருந்தேன். பதில் தந்தி வந்தப்பவும் பணியாரச் சட்டி முன்னாலதான் உக்காந்திருந்தேன். அடுத்த கப்பலுக்குப் புறப்பட்டு வரணும்னு வந்திருந்துச்சு. துரைக்கு இல்லை. அவுகளுக்கு.

அன்னைக்கு அறையில அவுக பெட்டி அடுக்குறாக, நான் சண்டைக்கு நிக்கிறேன். வந்த நாள்ல இருந்து அந்த மூக்குக்கே எல்லா நாளையும் குடுத்தீக, எனக்கு என்ன மிச்சம் வச்சீகன்னு கேட்டேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன். அவுக வேட்டிய மடிச்சதையே மறுபடி மறுபடி மடிச்சுக்கிட்டு இருந்தாக.

"எனக்குக் குடுத்த நாளு மாசியோட முடிஞ்சுருச்சு"ன்னாக. "அந்தச் சென்ட்டு நம்ம கடைக்கு ஒரு யாவாரம் ஆகும், அது முடியுற வரைக்கும் நான் இங்க இருக்கணும்னு முதலாளிகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். அது பங்குனியிலயே முக்காவாசி வந்துருச்சு. நான்தான் தினமும் இன்னும் வரல, இன்னும் வரலன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

இதை ஏன் எங்கிட்டச் சொல்லலைன்னு கேட்டேன். எப்பச் சொல்ல, எந்த இடத்துல நின்னு சொல்லன்னு கேட்டாக.

நான் அங்க நிக்கலை. தலைமுடி அவுந்து கிடக்கு, மாமியா பாக்குறாகளா இல்லையான்னு பாக்கலை, படியேறி மெத்தைக்குப் போனேன். துரை புட்டி வாயில மெழுகை உருக்கி ஊத்தி மூடிக்கிட்டு இருந்தாரு. படியில இருந்த மத்தப் புட்டியெல்லாம் பெட்டிக்குள்ள போயிருச்சு. நான் அந்தப் புட்டியக் கையால காட்டி, மூக்கைச் சுளிச்சு, முடிஞ்ச மட்டும் மூஞ்சியக் கோணி, "இன்னும் வரல"ன்னேன்.

அவரு என்னைய நிமிந்து பாத்தாரு. வேடிக்கை பண்றேன்னு நினைச்சுக்கிட்டாரு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. அப்பறம் மெழுகு காஞ்ச புட்டிய நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு, பிள்ளைகிட்டச் சொல்ற மாதிரி, "வந்துருச்சு ஆச்சி, வந்துருச்சு"ன்னாரு.

நான் மறுபடியும் "இன்னும் வரல"ன்னேன்.